எண்ணெய் குடித்த சி.டி. பிளேயர்

உள்ளே வட்டு இருக்கிறது. மூடியைத் திறந்து, நடுக் குமிழில் டக்கென்று உட்கார வைத்து, மூடியை அழுத்தி மூடியது அவளேதான். அதுவும் இடது கையால். அப்படியிருந்தும் அந்த சி.டி. பிளேயர் கொஞ்ச நேரம் உள்ளுக்குள் கரகரவென்று சுற்றிப் பார்த்துவிட்டு, முகப்பிலிருந்த பச்சைக் கண்ணாடியில் 'நோ டிஸ்க்' என்று எழுதிக் காட்டியது. வட்டு இல்லையாம். வயிறு நிறைய வாங்கிப் போட்டுக்கொண்டு, நீ ஒன்றுமே தரவில்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்? மேஜை மேல் ஓங்கி ஒரு அடி வைத்தாள். டம்ளர் உருண்டு போய்க் கீழே விழுந்தது. சமையலறையிலிருந்து மருமகள் ஓடி வந்தாள்.

"என்ன அத்தை, தண்ணி வேணுமா?"

தண்ணீர் வேண்டாம். அவள் பெட்டியைக் காட்டி, "இ... இது..." என்று ஆரம்பிப்பதற்குள் மருமகள் டம்ளரைப் பொறுக்கிக்கொண்டு கழுவப் போய்விட்டாள். நல்ல பெண்தான். ஆனால் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள், நின்று கேட்கத் தெரியாது.

இப்படி 'இ... இது' என்று இழுக்கிறாளே, இவளை யார் என்று நினைத்தீர்கள்? சட்டை தைக்கிற கம்பெனியில் இவளுக்கு சைரன் என்று பெயர். காலர் லைனுக்கு சூப்பர்வைசர். வரிசையாக மிஷின்கள் ஓடுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் தும்மினால்கூடக் கேட்காது. இவள் இந்தக் கோடியில் நின்று குரல் கொடுத்தால், அந்தக் கோடியில் ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பவள் ஊசிக்குள் தலையை விட்டுக்கொள்வாள்.

"காலராடி அது? கழுதைக் காது இதைவிட ஒழுங்கா நிக்கும். பிரி! மொதல்லேருந்து பிரி!"

திட்டு வாங்கிய பெண்கள் மூக்கை உறிஞ்சுவார்கள், முணுமுணுப்பார்கள். ஆனால் இவள் லைனை விட்டு ஒருத்தியும் போனதில்லை. ஏனென்றால் மேனேஜர் வந்து அதே பெண்ணைத் திட்ட வாயைத் திறந்தால் சைரன் நடுவில் போய் நிற்பாள். "என் லைனை நான்தான் திட்டுவேன். நீங்க உங்க ரூமுக்குப் போயி ஃபேனைப் போட்டுக்கிட்டு உக்காருங்க சார்." அவரும் போய் உட்கார்ந்துகொள்வார். வேறென்ன செய்வார்?

கல்யாணம் ஆனதும் அந்தக் குரலால்தான். அப்போது அவள் வெறும் தையல்காரி. மிஷின் முரண்டு பிடிக்கிறது என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். ஒல்லியாக ஒருவர் வந்தார். சட்டைப் பையில் நீண்ட மூக்கு வைத்த எண்ணெய்க் குப்பி. என்ன கோளாறு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. குப்பியை எடுத்தார், தெரிந்த ஓட்டையில் எல்லாம் சொட்டுச் சொட்டாக விட்டார். மிஷின் வழுக்கிக்கொண்டு ஓடியது. கூடவே அடியிலிருந்து எண்ணெய் வழிந்து, பால்போல் வெளுத்த காலர் ஒன்றில் மஞ்சளாகக் கறை பிடித்தது. அவள் போட்ட சத்தத்தில் கரண்ட் போனதுபோல் மொத்த மிஷினும் நின்றது.

"எண்ணெய் போட்டா எதுவும் கெடாதுங்க" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

"காலரு கெட்டுச்சே, அது எதுவும் இல்லையா?"

மறுநாள் அவர் தன் கையாலேயே அந்தக் கறையை எடுத்து, இஸ்திரி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். இப்படித் தொடங்கிய கதைதான். கல்யாணமாகி, மகன் பிறந்து, மகனுக்கும் கல்யாணமாகிவிட்டது. மெக்கானிக் திருந்தவில்லை. வீட்டில் கீச்சென்று ஒரு சத்தம் கேட்கக் கூடாது. கதவுக் கீல், ஜன்னல் கொக்கி, மருமகள் குடை, மகனுடைய சைக்கிள் ஸ்டாண்டு, பக்கத்து வீட்டு வாசல் கேட், எல்லாவற்றுக்கும் ஒரு சொட்டு. ஓய்வு பெற்ற பிறகு குப்பி பனியனுக்குள் ஏறிக்கொண்டது, அவ்வளவுதான் மாற்றம்.

போகட்டும். சைரனின் குரல் நின்ற கதைக்கு வருவோம்.

ஒரு மதியம், கோணலாகப் பட்டன் துளை போட்ட ஒருத்தியைத் திட்டிக்கொண்டிருந்தாள். திட்டு பாதியில் நின்றது. அதில்தான் லைன் முழுக்கப் பதறிப் போனது. அவள் திட்டு பாதியில் நின்று யாரும் பார்த்ததே இல்லை. நிமிர்ந்து பார்த்தால் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருக்கிறது, கத்தரிக்கோல் கையை விட்டு விழுந்து கிடக்கிறது. பக்கவாதம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கால் சீக்கிரமே தேறிவிட்டது. வலது கை பாதி தேறியது. பேச்சுதான் சதி செய்தது.

எல்லாம் உள்ளே இருக்கிறது, அதுதான் கொடுமை. யார் என்ன சொன்னாலும் புரிகிறது. பதில் சுடச்சுட வருகிறது. தொண்டை வரைக்கும் வந்து, அங்கே யாரோ தாழ்ப்பாள் போட்டதுபோல் நின்றுவிடுகிறது. தட்டித் தட்டித் திறப்பதற்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தைத் தருவதற்குத்தான் வீட்டில் ஆள் இல்லை.

மெக்கானிக் பாசக்காரர், அதை யாரும் குறை சொல்ல முடியாது. பாசம் பொங்கி, அவள் வாயைத் திறந்தவுடன் மிச்சத்தை இவரே சொல்லிவிடுவார். சாதம் போட்டுக்கொண்டிருக்கும்போது 'போதும்' என்று சொல்ல அவள் "போ..." என்பாள். "போர்வையா? இதோம்மா" என்று வியர்த்துக் கொட்டுகிற வெயிலில் கழுத்து வரை போர்த்திவிடுவார். ரேடியோவை நிறுத்தச் சொல்ல வாயைத் திறந்தால் காலைப் பிடித்துவிடுவார். அவள் பல்லைக் கடிப்பாள். "வலிக்குதா?" என்பார். கோபத்தைக்கூட ஒருத்தி ஒழுங்காகப் பட முடியாமல் போனால் அது என்ன வாழ்க்கை?

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் டீச்சர் ஒருத்தி இருந்தாள். சின்ன வயசு, பொறுமைசாலி. அவள்தான் தன் குரலிலேயே பேசிப் பதிந்த ஒரு சி.டி.யைக் கொடுத்தாள். "டம்ளர்" என்று டீச்சர் குரல் சொல்லும். அப்புறம் ஒன்றும் பேசாது, சும்மா இருக்கும். அந்த இடைவெளியில் இவள் சொல்ல வேண்டும். "கதவு." இடைவெளி. "நாற்காலி." இடைவெளி.

"ஆரம்பத்துல விடாம பண்றதுதான் முக்கியம்மா" என்றாள் டீச்சர். "ஒரு நாளும் விட்றாதீங்க. அடுத்த தடவை வரும்போது நீங்களா ஒரு வாக்கியம் சொல்லணும். யாரும் எடுத்துக் குடுக்கக் கூடாது. சொல்லுவீங்களா?"

சொல்வேன் என்று தலையாட்டிவிட்டு வந்தாள். தலையாட்டினால் ஆட்டினதுதான்.

வீட்டில் இருந்தது கைப்பிடி வைத்த பழைய சி.டி. பிளேயர் ஒன்று. மேலே மூடி, உள்ளே வட்டு, முன்னால் பச்சைக் கண்ணாடி. மகனிடம் இருந்ததோ பட்டன் போன். ஆகவே அந்தப் பெட்டி ஒன்றுதான் கதி. காலையில் எல்லோரும் வெளியே போனதும் அவள் உட்கார்ந்துவிடுவாள். டம்ளர் வந்தது, கதவு பாதி வந்தது, நாற்காலி அடம் பிடித்தது. பரவாயில்லை. உலகத்திலேயே தனக்காகக் காத்திருப்பது அந்த வட்டில் இருக்கும் இடைவெளி ஒன்றுதான் என்று அவளுக்குத் தோன்றியது.

அந்தப் பெட்டிதான் இப்போது வட்டே இல்லை என்று சாதிக்கிறது.

முந்தின நாளே திக்க ஆரம்பித்தது. "கத... கத... கத..." என்று இவளையே நையாண்டி செய்வதுபோல் ஒரே இடத்தில் நின்றது. இன்றைக்கு முழுசாகக் கைவிரித்துவிட்டது.

கூரியர் கம்பெனியில் வேலை பார்க்கிற மகன், பார்சல்களைக் கொடுத்துவிட்டுச் சாப்பிட வந்தான். விஷயம் தெரிந்ததும் வட்டை எடுத்து வாயால் ஊதி, சட்டை நுனியால் பரபரவென்று தேய்த்தான். அவள் அவன் கையில் ஒரு போடு போட்டாள். சட்டையில் இருக்கிற தூசியெல்லாம் கீறல் போடாதா?

"வட்டுல அழுக்கும்மா, துடைச்சாப் போயிடும்."

போகவில்லை. அப்பாவின் பாட்டு வட்டு ஒன்றைப் போட்டுப் பார்த்தான். அதற்கும் 'நோ டிஸ்க்'. "அப்ப வட்டு சரி, பெட்டிதான் காலி" என்று பிளக்கைப் பிடுங்கினான், வேறு இடத்தில் சொருகினான், தலையில் ரெண்டு தட்டு தட்டினான்.

"தலைகீழாப் போட்டிருப்பீங்க" என்றாள் மருமகள் வாசல்படியிலிருந்து.

"எழுத்து மேலதான் இருக்கு, வந்து பாரு."

"நான் சும்மா சொன்னேன்பா, அதுக்குக் கடிக்கிறீங்க. உங்கம்மா பிள்ளைதான்."

மெக்கானிக் நடுவில் வந்து, "ஒரு சொட்டு எண்ணெய்..." என்று பனியனுக்குள் கையை விட்டார். "அப்பா, இது தையல் மிஷின் இல்ல" என்று மகன் பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனான்.

சாயங்காலம் திரும்பி வந்தான். பெட்டியைக் குப்பைக் கூடை பக்கத்தில் வைத்தான்.

"லென்ஸ் போச்சாம். இதுக்கெல்லாம் இப்ப பார்ட்ஸ் வர்றதில்லையாம். தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கிக்கச் சொல்றான்."

"தொறந்து பாத்தானா?" என்று மெக்கானிக் கேட்டார்.

"தொடவே இல்லப்பா. தூரத்துலேருந்து பாத்தே சொல்லிட்டான்."

"சரி விடு. மெதுவா வேற பாத்துக்கலாம்." மெக்கானிக் அவள் பக்கம் திரும்பி, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார்: "இப்ப என்ன அவசரம்? உனக்குப் பேச வேண்டியதெல்லாம் பேசத்தான் நாங்க இருக்கோமே. நீ நிம்மதியா இரு."

அவ்வளவுதான். உச்சந்தலையில் நெருப்பு வைத்ததுபோல் இருந்தது அவளுக்கு. இவளுக்குப் பதிலாக இவர் பேசுவாராம்! மேனேஜரையே ரூமுக்கு விரட்டியவளுக்குப் பதிலாக, காலரைக் கெடுத்துவிட்டுத் தரையைப் பார்த்த மனுஷன் பேசுவாராம்! வாய் திறக்காத சாமானைத் தூக்கிப் போட இந்த வீட்டில் என்ன அவசரம்!

எழுந்தாள். குப்பைக் கூடைக்குப் பக்கத்திலிருந்து பெட்டியை எடுத்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து மேஜை மேல் வைத்து, அதன் முன்னால் உட்கார்ந்தாள். மருமகள் பிடிக்க வந்தபோது முழங்கையாலேயே தள்ளினாள். மூடியைத் திறந்தாள்.

மூடி சத்தமே போடவில்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இரண்டு மூன்று நாளைக்கு முன்புவரை அந்த மூடி திறக்கும்போதெல்லாம் கீ என்று கத்தும். இப்போது வெண்ணெய் மாதிரி வழுக்குகிறது. குனிந்தாள். மூக்கில் ஏறியது வாசனை. ஆயிரம் வாசனைக்கு நடுவிலும் அவளுக்குத் தெரியும் அது. வாழ்நாள் முழுக்கச் சோற்றோடு சேர்த்துச் சுவாசித்த வாசனை, தையல் மிஷின் எண்ணெய். மூடியின் கீலில் பளபளவென்று நிற்கிறது. அங்கிருந்து உள்ளே இறங்கி, வட்டு சுற்றிய வேகத்தில் நாலா பக்கமும் தெறித்திருக்கிறது. வட்டைப் படிக்கிற அந்தச் சின்னக் கண், பாசிமணி அளவு கண்ணாடி, அதன் மேல் ஒரு மினுமினுப்பு.

லென்ஸ் போகவும் இல்லை, ஒன்றும் இல்லை. கண்ணில் எண்ணெய் விழுந்தால் மனுஷனுக்கே பார்வை தெரியாது.

"எ..." என்றாள். "எ... எ..."

"எந்திரிக்கணுமா?" என்று மெக்கானிக் தோளைப் பிடித்துத் தூக்கினார்.

உதறினாள். சரி, வாய்தான் வராது, ஜாடை காட்டலாம் என்று மூக்கைத் தொட்டுக் காட்டினாள். உறிஞ்சிக் காட்டினாள்.

"ஐயையோ, கேஸ்!" என்று மருமகள் சமையலறைக்குப் பாய்ந்தாள். சிலிண்டரை மூடினாள், ஜன்னல்களைத் திறந்தாள், வாசல் கதவை விரியத் திறந்துவைத்தாள். "யாரும் சுவிட்சைத் தொடாதீங்க!" மகன் ஓடிப்போய் ஸ்டவ்வுக்குப் பின்னால் தலையை விட்டு மோந்து பார்த்தான். பக்கத்து வீட்டுக்காரியும் அவள் வீட்டுக்காரரும் என்னவோ ஏதோ என்று வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"அவங்களுக்கு ஜலதோஷமா இருக்கும்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி, யாரும் கேட்காமலே.

"ரெண்டு நாளா தும்மிக்கிட்டுதான் இருந்தா" என்று மெக்கானிக் ஒத்து ஊதினார். ஒரு தும்மல்கூட அவள் தும்மவில்லை. இப்படி நடுக்கூடத்தில் நிற்க வைத்து ஆளாளுக்கு இவளைப் பற்றி முடிவு செய்துகொண்டிருந்தார்கள்.

அவள் நேராகப் போய்க் கணவரின் பனியனுக்குள் கையை விட்டாள். எண்ணெய்க் குப்பியை உருவினாள். சி.டி. பிளேயருக்குப் பக்கத்தில் டொக்கென்று வைத்தாள். குப்பியைக் காட்டினாள், மூடிக் கீலைக் காட்டினாள், அவரைக் காட்டினாள். இதற்கு மேல் ஒரு மனுஷிக்குச் சாட்சி சொல்லத் தெரியாது.

மெக்கானிக்கின் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியாடா? நான் அப்பவே சொன்னேன், ஒரு சொட்டு எண்ணெய் போடணும்னு. உங்கம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு!" குப்பியை எடுத்தார். அதன் மூக்கை நேராக அந்தச் சின்னக் கண்ணாடிக் கண்ணுக்கு மேல் நீட்டினார். குப்பியின் அடியை அமுக்கக் கட்டைவிரல் வளைந்தது.

"யோவ்! கையை எடுய்யா!"

தாழ்ப்பாள் தெறித்துப் போய்விட்டது. அந்தக் கோடி மிஷின் வரைக்கும் கேட்கிற அதே குரல். மகன் ஸ்டவ்வில் தலையை இடித்துக்கொண்டான். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு படி இறங்கிவிட்டார். மெக்கானிக் குப்பியோடு சிலையாகிப் போனார்.

"அத்தை பேசிட்டாங்க!" என்று மருமகள் வாயில் கை வைத்தாள். "அத்தை, இன்னொரு தடவை சொல்லுங்க..."

மெக்கானிக்குக் கண் கலங்கிவிட்டது. "அவ என்ன சொல்றான்னா..." என்று தொடங்கினார்.

இவள் இடது கையைத் தூக்கினாள். லைன் முழுக்க நிறுத்தச் சொல்லித் தூக்குகிற அந்தக் கை. அவர் வாய் தானாக மூடிக்கொண்டது. மற்றவர்களும் அப்படியே நின்றார்கள். திட்டு என்றால் கட்டவிழ்த்துக்கொண்டு வந்துவிடுகிறது. சொல்ல நினைப்பதைச் சொல்வதுதான் மலை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நெற்றியில் வியர்வை துளிர்த்தது. மகன் உதவி செய்ய வாயைத் திறந்தான். மெக்கானிக் அவன் காலை மிதித்தார். இன்றைக்கு அவர் செய்த முதல் நல்ல காரியம் அது.

"எண்..." என்றாள். நின்றாள். மூச்சை இழுத்தாள். "எண்ணெய்."

யாரும் அசையவில்லை.

"நீ... தான்." விரல் அவரைக் குத்தியது. பிறகு அந்தச் சின்னக் கண்ணாடியைக் குத்தியது. "கண்ணு... ல."

மெக்கானிக் குனிந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் குனிந்தார். கீலைத் தடவி, விரலை மோந்து பார்த்தார்.

"மூடி கத்துச்சு" என்றார் மெதுவாக. "உனக்குத் தலைவலிக்குமேன்னு... நீ குளிக்கப் போனப்ப ஒரு சொட்டு விட்டேன். ஒரே ஒரு சொட்டுதான்."

அவள் பார்த்த பார்வையில், "ரெண்டு" என்று திருத்திக்கொண்டார்.

"அப்பா! நான் இதைத் தூக்கிக்கிட்டு கடைத்தெரு பூரா அலைஞ்சேனேப்பா!" என்று மகன் கத்தினான். அவள் அவன் பக்கம் கையைக் காட்டினாள். அவனும் அடங்கினான். திட்ட வேண்டியது அவள் வேலை. அதை யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

ஊசி போடுமுன் கையைத் துடைக்க வாங்கிய ஸ்பிரிட் அலமாரியில் இருந்தது. காது குடைகிற பஞ்சுக் குச்சியும் இருந்தது. அவளே செய்துவிடுவாள்தான், ஆனால் கை நடுங்குகிறது, கண்ணாடியில் கீறல் விழுந்தால் எல்லாம் போச்சு. குச்சியை அவரிடம் நீட்டினாள். நீட்டினாள் என்றா சொன்னேன்? மார்பில் குத்தினாள். அவர் வாங்கிக்கொண்டார். குச்சியில் ஸ்பிரிட்டைத் தொட்டு, அழுத்தாமல், தூங்குகிற குழந்தையின் இமையைத் தொடுவதுபோல் துடைத்தார். ஒரு குச்சி, அதை எறிந்துவிட்டு இன்னொன்று. கீலைத் துணியால் ஒற்றி எடுத்தார். வட்டின் அடியில் எண்ணெய் கோடு கோடாக இருந்தது. மெத்தென்ற துணியில் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோடாகத் துடைத்தார். மிஷின் விஷயத்தில் அவர் கை சுத்தம், அதை அவளும் மறுத்ததில்லை. இருந்தாலும் அவர் பெருமையாக நிமிர்ந்து பார்த்தபோது அவள் சிரிக்கவில்லை. சிரிப்பதற்கு இன்னும் நாள் இருக்கிறது.

காயவிட்டார்கள். பிளக்கைச் சொருகினார்கள். போட்டார்கள். கரகரவென்று சுற்றியது. 'நோ டிஸ்க்'.

மெக்கானிக் கை அனிச்சையாகக் குப்பி பக்கம் போனது. அவள் குப்பியைப் பிடுங்கித் தன் இடுப்பில் சொருகிக்கொண்டாள். இன்னொரு குச்சியை எடுத்து நீட்டினாள். மறுபடியும் துடைத்தார். இந்தத் தடவை நன்றாகக் காயும்வரை மூடியைத் திறந்தே வைத்திருந்தார்கள். வட்டைப் போட்டார்கள். சுற்றியது, தயங்கியது, பச்சைக் கண்ணாடியில் எண்கள் வந்தன.

"டம்ளர்" என்றது டீச்சர் குரல்.

இடைவெளி வந்தது.

"டம்ளர்" என்றார் மெக்கானிக்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"வாய் தவறிடுச்சு" என்று அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். மருமகள் சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்தாள்.

"கதவு" என்றது டீச்சர் குரல்.

இவள் வாயைத் திறந்தாள். 'க' தொண்டையில் வந்து நின்றது. தாழ்ப்பாள். தட்டினாள். டீச்சருடைய இடைவெளி முடிந்துவிட்டது. "நாற்காலி" என்று வட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விட்டது. அதற்கும் அடுத்ததற்குப் போய்விட்டது. மெக்கானிக் போகவில்லை. பொத்திய வாயோடு, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, 'கதவு'க்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அந்தச் சொல் அவர் கன்னத்தில் முட்டிக்கொண்டு நிற்பது வெளியே தெரிந்தது. விழுங்கினார்.

வாசலில் பக்கத்து வீட்டுக்காரியும் அவள் வீட்டுக்காரரும் இன்னும் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். சர்க்கஸ் பார்க்க வந்ததுபோல். அவர்களுக்குப் பின்னால் இன்னும் இரண்டு தலைகள். அவளுக்கு மறுபடியும் சுருசுருவென்று ஏறியது.

"கதவு..." என்றாள். எல்லோரும் ஆவென்று பார்த்தார்கள். அவள் நிறுத்தவில்லை. எடுத்துக் கொடுக்க யாரும் இல்லை, அந்த வட்டிலும் இது இல்லை. ஒவ்வொரு சொல்லாகத் தூக்கி வெளியே வைத்தாள். "கதவை... மொதல்ல... மூடு."

மெக்கானிக் எழுந்து ஓடினார். பக்கத்து வீட்டுக்காரி மூக்குக்கு நேராகக் கதவைச் சாத்தினார். கீச்சென்று ஒரு சத்தம்கூட இல்லை. அதற்குத்தான் எப்போதோ எண்ணெய் விட்டிருந்தாரே.